தொட்டுப் பார்க்காத வரை

உடல்வலுவில் எட்டுக்கு மேல் ஒரு புள்ளி வைத்தாலும் வீண் என்று வினீத் சொல்லியிருந்தான், மாதுளை என்ன மூட்டையா தூக்கப் போறா, மந்திரவாதிக்கு மூளைதான்க்கா எல்லாம், இருக்கறதை எல்லாம் மூளையில கொண்டுபோய்க் கொட்டுங்க, என்று அவன் அனுப்பிய குரல் பதிவை மாம்பலத்தில் ரயில் ஏறுவதற்குள் சுகந்தி இரண்டு தடவை கேட்டிருந்தாள், இரண்டு தடவையும் பாதியில் வேறெதையோ நினைக்கத் தொடங்கி மிச்சம் காதில் ஏறவில்லை. பெண்கள் பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் கடுத்தது. எதிரே உட்கார்ந்திருந்தவள் சாப்பாட்டுப் பையை மடியில் அணைத்தபடி வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் எங்கே இறங்குவாள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும், தாம்பரத்து முகம் அது, தாம்பரத்துக்கு முன்னால் எழுந்திருக்கிற முகமாகத் தெரியவில்லை. மாதுளை நிஜ ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு பேர் போனில் சேர்ந்து ஆடும் ஒரு கதை ஆட்டத்தில் சுகந்தியின் பாத்திரம் அவள். ஒருவன் கதையை நடத்துவான், காடும் கோட்டையும் காவலாளியும் அவன் சொன்னால்தான் உண்டு; மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள்; நினைத்தது பலிக்குமா பலிக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். ரெஜினாவின் ஆள் வாள் வைத்திருந்தாள். வினீத்தின் ஆள் திருடன். உங்க கேரக்டருக்கு என்ன பேர் என்று முதல் நாள் கேட்டபோது சுகந்தி மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள், வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். மாதுளை நெருப்பு வீச மாட்டாள், மின்னல் இறக்க மாட்டாள். இல்லாததை இருப்பதுபோலக் காட்டுவாள், அவ்வளவுதான். ஓங்கி ஓர் அறை விட்டால் செத்துப்போவாள். போன ஞாயிறு அப்படித்தான் ஆகவிருந்தது, கோட்டை வாசலில் அவள் எழுப்பியிருந்த பொய்ச்சுவருக்குப் பின்னால் மூவரும் பதுங்கியிருந்தபோது எங்கிருந்தோ வந்த ஓர் அம்பு அவள் தோளில் பாய்ந்தது, வலியில் கவனம் கலைந்தது, கவனம் கலைந்ததும் சுவர் போய்விட்டது. சுவர் இருந்த இடத்தில் வெறும் வெயில். வில்லாளிகள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ரெஜினா அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியிருக்காவிட்டால் அன்றோடு மாதுளை இல்லை. பகடையில் என்ன விழுந்ததோ அதுதான், கதை நடத்துகிறவன் யாருக்காகவும் ஓர் எண்ணைக்கூட மாற்ற மாட்டான், அக்கா என்பதற்காகவும் மாற்ற மாட்டான்.

கதை நடத்துகிறவன் அவள் தம்பி தயாளன். புனேயில் இருக்கிறான். ரயில் சைதாப்பேட்டையில் நின்றது, யாரும் இறங்கவில்லை, ஏழெட்டுப் பேர் ஏறினார்கள், ஒரு முழங்கை அவள் விலாவில் குத்தி அங்கேயே தங்கியது. காலையிலிருந்து எத்தனை பேரிடம் வெறும் வயித்துலதானே வந்திருக்கீங்க என்று கேட்டிருப்பாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முன்மேசை வேலை, பெயர், வயது, போன் நம்பர், வெறும் வயிறா. எல்லாரும் ஆமாம் என்பார்கள். மூச்சில் காபி மணக்கும். அந்த மணத்தோடு ஆமாம்மா, தண்ணிகூடக் குடிக்கல என்பார்கள், அவளும் சரி என்று தட்டச்சு செய்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவாள், ஏனென்றால் திருப்பி அனுப்பினால் இன்னொரு நாள் லீவு போட வேண்டும் அவர்கள், அதற்கு இப்படியே போகட்டும். பொய் சொல்கிறவர்களில் கெட்டிக்காரர்கள் ரொம்பப் பேச மாட்டார்கள். மாதுளைக்கும் அதைத்தான் வினீத் சொல்லிக்கொடுத்தான். புதுசா வர்றவங்க எல்லாம் டிராகனைக் காட்டுவாங்கக்கா, டிராகனைப் பாத்தா எவனுக்கும் சந்தேகம் வரும், நிஜமான்னு கல்லெடுத்து எறிவான், கல்லு உள்ள பூந்து போச்சுன்னா முடிஞ்சுது. நீங்க சுவரக் காட்டுங்க, பூட்டின கதவக் காட்டுங்க, வைக்கோல்போரக் காட்டுங்க, பாக்கறவன் தொட்டுப் பாக்கணும்னு நினைக்கவே கூடாது. அவளுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. செம அக்கா, உங்களுக்கு இது இயல்பா வருது என்றான். இயல்பாகத்தான் வந்தது. அதை நினைத்து ஒரு வாரம் ஒருமாதிரியாக இருந்தது.

ஆட்டத்துக்கு வந்ததே தற்செயல். ஓர் ஆள் குறையுது, ஞாயிறு சாயங்காலம் யாராவது வர்றீங்களா என்று தயா யாருக்கோ அனுப்ப நினைத்தது தவறி அவளுக்கு வந்துவிட்டது. அதற்கு முன்னால் அவனிடமிருந்து மாதக்கணக்கில் ஒரு வார்த்தை இல்லை, தீபாவளிக்கு அவள் அனுப்பினால் கட்டைவிரல் படம் ஒன்று, பொங்கலுக்கு இன்னொரு கட்டைவிரல். நான் வரட்டுமா என்று கேட்டாள். வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு, வா. அப்பா போன அன்று அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது, விமானம் தாமதம், அப்புறம் செங்கல்பட்டு ரோட்டில் நெரிசல், அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று பெரியப்பா மகன்தான் கொள்ளி வைத்தான். சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளித்துச் சாப்பிட உட்கார்ந்த நேரம். வாசலில் பையோடு நின்ற மகனை அம்மா ஏறிட்டுப் பார்த்தாள். அழவில்லை. விருந்தாளி வந்திருக்காரு, ஒரு எல போடுங்க என்றாள். பந்தியே நின்றுவிட்டது, யார் கையிலோ இருந்த ரசக் கரண்டி அப்படியே நின்றது இப்போதும் சுகந்திக்குத் தெரிகிறது, அந்தக் கரண்டியிலிருந்து ரசம் சொட்டியது தெரிகிறது, தம்பியின் முகம் மட்டும் எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அவன் பையைக் கீழே வைக்கவே இல்லை. அடுத்த பஸ்ஸில் போய்விட்டான். கிண்டி. முழங்கை விலகியது, வேறு முழங்கை வந்தது.

அவன் அப்படிப் போனதற்கு அப்புறம் அவன் குரல் வீட்டில் கேட்டது ஸ்பீக்கரில் போட்டு ஆடும் இந்த ஆட்டத்தில்தான், அதுவும் அவன் குரலாக அல்ல, சுங்கம் வசூலிக்கிறவனாக, ராணியாக, திக்குவாய்ப் பூசாரியாக, எத்தனை குரல் அவனுக்கு, சின்ன வயதில் வாயே திறக்காத பையன். அந்த இரண்டு மணி நேரமும் அவன் அவளை மாதுளை என்றுதான் கூப்பிடுவான். மாதுளை, நீ என்ன பண்ற? மாதுளை, உனக்கு முன்னால ரெண்டு வழி இருக்கு. வீட்டைப் பற்றி அவன் கேட்டதில்லை, அவளும் பேசியதில்லை, பேசினால் ஆட்டம் நின்றுவிடும் என்று யாரும் சொல்லாமலே இருவருக்கும் தெரிந்திருந்தது. ஆட்டம் முடிந்ததும் அம்மாவிடம் போய், தயா உன்ன விசாரிச்சான் என்பாள். அம்மா உம் என்பாள். புதன் வியாழனில் தயாவுக்கு ஒரு செய்தி தட்டுவாள், அம்மா உன்ன கேட்டுட்டே இருக்கு. அதற்கு ஒரு கட்டைவிரல். இரண்டும் இல்லாதது. அவன் விசாரித்ததில்லை, அம்மா கேட்டதில்லை. முதல் தடவை சொன்னபோது நெஞ்சு படபடத்தது, இப்போது பல் விளக்குவதுபோல ஆகிவிட்டது, ஆனாலும் பல் விளக்கக்கூட எழுந்து நிற்க வேண்டியிருக்கிறதே, போன வாரம் என்ன சொன்னோம், தயாவுக்கு முதுகுவலி என்று சொன்னோமா, அம்மா அதை நம்பி ஏதாவது எண்ணெய் வாங்கி வைத்திருந்தால், இல்லை, வாங்கவில்லை, அம்மா எதையும் வாங்கவில்லை, எதுவும் திருப்பிக் கேட்கவில்லை, திருப்பிக் கேட்காத ஒருத்தியை நம்பவைப்பது எவ்வளவு சுலபம், எவ்வளவு அலுப்பு. மாதுளைக்கு இப்போது ஒரு லெவல் ஏறியிருக்கிறது. இரண்டு வித்தைகளில் ஒன்றை ஞாயிற்றுக்கிழமைக்குள் எடுத்தாக வேண்டும். ஒன்று, அடிபட்டாலும் கவனம் கலையாமல் இருப்பது. இன்னொன்று, ஒரு தோற்றத்தைக் கலைக்காமலே அதை வேறொன்றாக மாற்றுவது, சுவர் சுவராக இருக்கும்போதே அதில் ஒரு ஜன்னல் வைப்பதுபோல. கண்ண மூடிட்டு முதல்ல இருக்கறத எடுங்கக்கா, அம்பு பட்டு செத்துப்போனா ஜன்னல் எதுக்கு, என்கிறான் வினீத். கணக்குப் பார்த்தால் அவன் சொல்வதுதான் சரி. மாதுளை செத்தால் தயா என்ன சொல்வான்? இன்னொரு கேரக்டர் பண்ணுக்கா என்பானா, பரவால்லக்கா விடு என்பானா. பரவால்லக்கா என்பதை அவள் அவன் குரலிலேயே கேட்டாள், அத்தனை தெளிவாகக் கேட்டதில் பயந்துபோய்ப் பெட்டியைச் சுற்றிப் பார்த்தாள். திரிசூலம். மலை முழுக்க வெட்டுப்பட்டு நின்றது. கலையாத கவனம். அதை எடுத்துவிட்டால் எப்போதும் கவனமாகவே இருக்க வேண்டுமே, அம்பு பட்டாலும் இருக்க வேண்டும், தூங்கினாலும் இருக்க வேண்டும், ஐயோ மாதுளை, உனக்குக் கால் கடுக்கவில்லையா.

பல்லாவரம் தாண்டியதும் போன் அடித்தது. தயா. வாரநாளில், அவனாக, கூப்பிட்டிருக்கிறான். அவசரத்தில் முதலில் தவறான இடத்தைத் தேய்த்தாள்.

"சொல்லுடா. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலக்கா. டிரெயின்லயா?"

"ஆமா. நிக்கிறேன். சொல்லு."

"லெவல் ஏத்திட்டியா?"

"இன்னும் இல்ல. வினீத் ஏதேதோ சொல்றான். கவனத்த எடுக்கச் சொல்றான்."

"எடு. எதுன்னாலும் எடு." அவனுக்குப் பின்னால் ஏதோ வண்டி பின்வாங்கும் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. "ஞாயித்துக்கிழமையோட முடிச்சுக்கலாம்னு இருக்கேன்க்கா."

"எத?"

"ஆட்டத்த. ரெஜினா கனடா போறா. வினீத்துக்கு ஷிப்டு மாறுது, ஞாயிறு முடியாதாம். ரெண்டு பேர வச்சிக்கிட்டு ஆட முடியாது."

"ரெண்டு பேர்னா யாரு?"

"நீயும் நானும்தான்."

தூங்கிக்கொண்டிருந்தவள் அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்து, குரோம்பேட்டையா என்று கேட்டுக்கொண்டே எழுந்து ஓடினாள். இடம் காலியானது. சுகந்தி உட்கார்ந்தாள். இருக்கை இன்னொருத்தியின் சூட்டோடு இருந்தது.

"அக்கா? கேக்குதா?"

"கேக்குது. சரிடா. முடிச்சுக்கலாம். இங்க சிக்னல் சரியில்ல" என்றாள். சிக்னல் நன்றாகவே இருந்தது. வைத்துவிட்டாள்.

உட்கார்ந்ததும் கால் இன்னும் அதிகமாக வலித்தது, நிற்கும்போது வலியை எங்கோ வைத்திருந்தோம் போலிருக்கிறது. நீயும் நானும். ரெண்டு பேர வச்சிக்கிட்டு ஆட முடியாது. அவன் அதை வருத்தமாகச் சொன்னானா, சும்மா சொன்னானா, திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள், ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரிக் கேட்டது, அவள் என்ன நினைக்கிறாளோ அப்படிக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்தில் என்ன செய்வாள். துணி மடிப்பாள். அம்மாவிடம் போய், தயா விசாரிச்சான் என்பாளா? எதில் விசாரித்தான், எப்போது விசாரித்தான்? அதற்கொரு கதை கட்ட வேண்டும், இனி தனியாகப் போன் பண்ணுகிறான், நீ கோயிலுக்குப் போயிருந்தபோது பண்ணினான், கட்டலாம், நன்றாகவே கட்டலாம், எந்தக் கல்லும் உள்ளே புகுந்து போகாத மாதிரிக் கட்டலாம். தாம்பரத்தில் பாதிப் பெட்டி இறங்கியது. காற்று வந்தது. காற்று வந்ததும் அழுகை வரும்போலிருந்தது, வரவில்லை, கொட்டாவிதான் வந்தது. சின்ன வயதில் தயாவுக்கு இருட்டு என்றால் ஆகாது, கரண்ட் போனால் அக்கா எங்க இருக்க என்பான், இங்கதான்டா என்பாள், எங்க என்பான், அவள் பதில் சொல்லாமல் அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். எப்போதிலிருந்து கையைப் பிடிப்பதற்குப் பதிலாக வார்த்தை. பெருங்களத்தூர். கோபமும் வந்தது, இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் என்னை யார் நிறுத்தியது, ஒருத்தி எல போடு என்பாள், ஒருத்தன் பையைத் தூக்கிக்கொண்டு போவான், நடுவில் நிற்கிறவள் இரண்டு பக்கமும் படம் காட்ட வேண்டும், நாள் முழுக்கக் காட்ட வேண்டும், வருஷக்கணக்காகக் காட்ட வேண்டும், ஏதாவது ஒரு நாள் யாராவது, சுகந்தி நீ எப்படி இருக்க என்றார்களா. இல்லை, கேட்டால் மட்டும் என்ன சொல்லியிருப்பாள், நல்லா இருக்கேன் என்றுதான் சொல்லியிருப்பாள், தண்ணிகூடக் குடிக்கல என்கிற முகத்தோடு. வண்டலூரில் ரயில் காரணமில்லாமல் வெகுநேரம் நின்றது. போனில் மாதுளையின் கட்டங்கள் திறந்தே இருந்தன. அறிவு பதினெட்டு. உடல்வலு எட்டு. புது வித்தை என்ற இடம் காலி. வினீத்துக்கு ஒரு பதில் போட வேண்டும், பாவம், அத்தனை நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கிறான். அவன் கணக்கில் தப்பே இல்லை. மாதுளைக்கு அதுதான் வேண்டும், கடைசி ஆட்டம் என்றாலும் அவள் சாகாமல் இருக்கட்டும், கோட்டைக்குள் போய் வரட்டும். கலையாத கவனம் என்பதைத் தொட்டாள். எடுத்தாயிற்று. எடுத்த பிறகு ஒரு நிம்மதி வந்தது, அது மாதுளைக்கு வந்த நிம்மதி, அதை அவளிடமே கொடுத்துவிட்டு நான் இறங்கிக்கொள்ளலாம் என்பதுபோல ஒன்று. ரயில் ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது.

கூடுவாஞ்சேரியில் இறங்கி, கூட்டம் படிக்கட்டில் ஏறி முடியட்டும் என்று பிளாட்பாரத்திலேயே நின்றாள். என்ன பேசப் போகிறோம் என்று யோசிக்கவில்லை, யோசித்தால் நன்றாகப் பேசிவிடுவோம் என்று பயமாக இருந்தது. அழைத்தாள். உடனே எடுத்தான்.

"தயா. அம்மா உன்ன கேட்டுட்டே இருக்குன்னு நான் சொல்றேன் இல்ல வாரா வாரம்."

"ம்."

"அது ஒரு தடவகூடக் கேட்டதில்லடா. நான்தான் சொன்னேன்."

சரக்கு வண்டி ஒன்று அடுத்த தண்டவாளத்தில் போகத் தொடங்கியது. முடிவில்லாமல் போனது. அவன் ஏதாவது சொல்லியிருந்தாலும் கேட்டிருக்காது. வண்டி போன பிறகும் அவன் இணைப்பில்தான் இருந்தான்.

"நீ கேட்டதா அம்மாகிட்டயும் சொல்வேன்" என்றாள். "நீயும் கேட்டதில்ல. எனக்கு முடியலடா இதுக்கு மேல. ஆட்டம் இருந்தாலும் முடியாது, இல்லன்னாலும் முடியாது."

"கோவமா இருக்கியாக்கா?"

"இல்ல. அசதியா இருக்கு."

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சளியாக இருக்கலாம். அவள் அதை வேறெதுவாகவும் ஆக்கவில்லை.

"அக்கா."

"என்னா?"

"அம்மா இப்ப என்னா பண்ணுது?"

அவளுக்குள் பதில்கள் வரிசையாக வந்து நின்றன, பழகிய கைபோல, அவன் பழைய சட்டையை மடித்துக்கொண்டிருக்கிறாள், அவன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், ஒவ்வொன்றும் சத்தத்தோடும் வாசனையோடும் வந்தது. அத்தனையும் போகும்வரை காத்திருந்தாள்.

"தெரியலடா. நான் இன்னும் வீட்டுக்குப் போகல. போய்ப் பாத்து சொல்றேன்."

"சரி."

"வச்சிடாத."

"வைக்கல."

படியேறினாள், இறங்கினாள். பழக்கடைக்காரர் கூவுவதும் ஆட்டோக்காரர் ஒருவர் யாரையோ திட்டுவதும் அவனுக்குக் கேட்டிருக்கும். அது மார்க்கெட்டா என்று ஒரு தடவை கேட்டான், ஆமாம் என்றாள். எதிரில் வந்த பைக்குக்கு ஒதுங்கி நின்று, மறுபடி நடந்தாள். வீட்டுக் கதவு திறந்துதான் இருந்தது. அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பேப்பர் விரித்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"கீரை ஆயுது" என்றாள் சுகந்தி போனில்.

அம்மா நிமிர்ந்தாள். "யாருடி அது? என்னப் பத்தி யாருகிட்ட சொல்ற?"

"தயா. நீ என்னா பண்றன்னு கேட்டான்."

எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் இதையேதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். உம் என்று சொல்லிவிட்டு அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது திருப்பவில்லை. மகளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் நிற்கிறவளை, போனைப் பிடித்திருந்த கையை. உருவின காம்பு அவள் விரலிலேயே இருந்தது.

"நெசமாவா?" என்றாள்.

"நெசமாத்தான்."

அம்மா காம்பைக் கீழே போட்டாள். இன்னொன்றை எடுத்தாள். அதை உருவாமல் கையில் வைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழம அவனுக்குத் தொண்ட கட்டியிருந்துச்சே" என்றாள். "சரியாயிடிச்சான்னு கேளு."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா உள்ளறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். தூங்குகிறாள் என்றுதான் சுகந்தி நினைத்திருந்தாள். போன வாரம் தயாவின் தொண்டை கட்டியிருந்ததா? இருந்திருக்கும். அம்புக்கும் சுவருக்கும் நடுவில் அவளுக்கு அது கேட்கவில்லை.

சுகந்தி போனைக் கீரைக்குப் பக்கத்தில், பேப்பரின்மேல் வைத்தாள். ஸ்பீக்கரைப் போட்டாள். பிறகு உள்ளே போய்க் குளியலறைக் கதவைச் சாத்தி, குழாயைத் திருகினாள், வெளியே பேசுவது காதில் விழாத அளவுக்குத் தண்ணீர் கொட்டும்வரை திருகினாள், கவிழ்த்து வைத்திருந்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்து இரண்டு கால்களையும் குழாயின்கீழ் நீட்டினாள்.